மத்தியானத்தில் படுத்துவிடும் 7805: ஐசிக்குள் இருக்கும் சூட்டைக் கணக்கிடுவது எப்படி?

கேட்ட தம்பி சொன்ன விபரம் இதுதான். இணுவிலில் தோட்டக் கிணற்று மோட்டரை வீட்டிலிருந்தே போட்டு நிறுத்த ஒரு சேர்க்கிற் செய்திருக்கிறார். 12 வோல்ற் பற்றறி, அதைச் சார்ஜ் பண்ண ஒரு சோலார் பனல், 5 வோல்ற்றுக்கு இறக்க 7805 என்ற றெகுலேற்றர் ஐசி, வைஃபை உள்ள ஒரு இஎஸ்பி8266 போட், மோட்டரைப் போட்டு நிறுத்த ஒரு றிலே, சின்னதாக ஒரு டிஸ்பிளே. எல்லாம் மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள். வீட்டு மேசையில் நாள் முழுக்க ஓடியது. தகரக் கொட்டிலில் கொண்டுபோய்ப் பூட்டினால் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு விட்டுவிட்டு வேலை செய்கிறது, பொழுதுபட்டால் தானாகச் சரிவருகிறது. கொட்டிலுக்குள் மத்தியானம் 41 பாகை என்று அளந்தும் சொல்லியிருக்கிறார். "ஐசி 1 அம்பியர் தாங்கும் என்று போட்டிருக்கிறது. நான் எடுப்பது 0.2 அம்பியர்தான். பிறகு ஏன்?"

ஐசி பழுதில்லை. அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது. 7805 போன்ற றெகுலேற்றர்களின் சிலிக்கன் துண்டிலேயே சூட்டை உணர்ந்து வெளியீட்டை நிறுத்தும் பகுதி ஒன்று இருக்கிறது. நேஷனல் செமிகண்டக்டரில் பாப் விட்லர் 1969இல் எல்எம்109ஐ வடிவமைத்தபோது இந்தப் பாதுகாப்பை உள்ளேயே வைத்தார், பிறகு வந்த மூன்று கால் றெகுலேற்றர்களும் அந்த வழியிலேயே வந்தன. உள்ளே 150 பாகையைத் தாண்டிய ஓர் இடத்தில் அது நிறுத்தும், கொஞ்சம் ஆறியதும் திரும்பப் போடும். விட்டுவிட்டு வேலை செய்வது இதனால்தான்.

இதைச் சின்ன விசயம் என்று விடாதீர்கள். 5 வோல்ற் போய்ப் போய் வரும்போது உங்கள் றிலேயும் விழுந்து விழுந்து எழும்பும், அதோடு 230 வோல்ற் மோட்டரும் திரும்பத் திரும்பத் தொடங்கும். மோட்டர் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. றெகுலேற்றர் தப்பிவிடும். சுருள் எரிவது மோட்டருக்குத்தான்.

இனிக் கணக்கு. முதலில் ஐசிக்குள் எவ்வளவு வலு வெப்பமாகிறது என்று பார்க்க வேண்டும். 7805 போன்ற நேரியல் றெகுலேற்றரில் உள்ளே வரும் மின்னோட்டம்தான் வெளியே போகிறது, மிஞ்சிய அழுத்தம் முழுவதும் அதற்குள்ளேயே எரிகிறது. உள்ளீட்டிலிருந்து வெளியீட்டைக் கழித்து மின்னோட்டத்தால் பெருக்கினால் முக்கிய பங்கு வந்துவிடும். ஐசி தனக்கென்று எடுக்கும் 5 மில்லிஅம்பியர் அளவை உள்ளீட்டு அழுத்தத்தால் பெருக்கி அதோடு கூட்டுங்கள்.

வீட்டு மேசையில் பற்றறி 12.4 வோல்ற்றில் இருந்திருக்கும். 7.4 × 0.2 = 1.48 வாற், ஐசியின் சொந்தச் செலவு 0.06, ஆக 1.54 வாற். கொட்டிலில் மத்தியானம் பனல் பற்றறியை ஏற்றிக்கொண்டிருக்கும், முனையில் 14.2 வோல்ற் நிற்கும். 9.2 × 0.2 = 1.84, சொந்தச் செலவு 0.07, ஆக 1.91 வாற். சுமை மாறவில்லை, வெப்பம் கால்வாசி கூடிவிட்டது. இந்தக் கணக்கில் பலர் தவறுவது இங்கேதான்: பற்றறியில் 12 என்று எழுதியிருப்பதால் 12 என்றே போடுவார்கள். வெப்பக் கணக்குக்கு எடுக்க வேண்டியது உள்ளீடு போகக்கூடிய ஆகக்கூடிய அளவு.

அடுத்தது வெப்பத் தடை. ஓமின் விதியை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். வலுவை மின்னோட்டமாகவும் வெப்பநிலை வித்தியாசத்தை அழுத்த வித்தியாசமாகவும் எடுத்தால், இரண்டுக்கும் இடையில் நிற்பது வெப்பத் தடை. ஒரு வாற்றுக்கு எத்தனை பாகை ஏறும் என்பதுதான் அதன் அளவு. ஐசிக்குள் சூடு பிறக்கும் சிலிக்கன் இடத்தைச் சந்தி என்பார்கள். ஹீற்சிங்க் (வெப்பத்தைக் காற்றுக்கு விடும் உலோகத் துண்டு) இல்லாமல் நிற்கும் 7805க்கு, சந்தியிலிருந்து காற்று வரைக்கும் சில கம்பனிகளின் டேற்றாஷீற் (விபரத்தாள்) 65 என்கிறது, சிலது 50 என்கிறது. 65ஐ எடுப்போம்.

வீட்டில்: 1.54 × 65 = 100 பாகை ஏற்றம். அறை 30 என்றால் சந்தி 130. பல டேற்றாஷீற்றுகள் தரும் மேல் எல்லை 125. ஆக, மேசையில் "நல்லா ஓடினது" என்று நீங்கள் நினைத்த நேரத்திலேயே அது எல்லையைத் தாண்டித்தான் நின்றது. நிற்பாட்டும் புள்ளிக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்ததால் ஒன்றும் வெளியே தெரியவில்லை.

கொட்டிலில் சுற்றுக் காற்று 41 என்று போட்டுக் கணக்குப் பார்த்தால் அதுவும் பிழை. ஐசியைச் சுற்றியிருப்பது பெட்டிக்குள் அடைபட்ட காற்று, கொட்டில் காற்று அதற்கும் வெளியே. உங்கள் பெட்டி கிட்டத்தட்ட 15 × 10 × 7 சென்ரிமீற்றர் என்றால் வெளிப்பரப்பு 0.065 சதுர மீற்றர். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பு ஒரு பாகை வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாற் விடும். ஆனால் வெப்பம் உள்ளே காற்றிலிருந்து சுவருக்கும் பிறகு சுவரிலிருந்து வெளிக்காற்றுக்கும் என்று இரண்டு தரம் தாண்ட வேண்டியிருப்பதால் அதைப் பாதியாக்கி 5 என்று வைப்போம். 0.065 × 5 = 0.325, தலைகீழாக்கினால் ஒரு வாற்றுக்கு 3 பாகை. பெட்டிக்குள் எரியும் மொத்த வலு 7805இல் போவது மட்டும் இல்லை. றிலேச் சுருளும் இஎஸ்பி போட்டும் டிஸ்பிளேயும் உள்ளேதான் இருக்கின்றன, ஆகவே பற்றறியிலிருந்து வருவது முழுக்க அங்கேயே வெப்பமாகிறது: 14.2 × 0.205 = 2.9 வாற். பெட்டிக் காற்று 9 பாகை ஏறும். 41 உம் 9 உம் 50.

இப்போது 1.91 × 65 = 124, அதோடு 50. சந்தி 174 பாகை. நிற்காமல் என்ன செய்யும்? 65க்குப் பதிலாக 50ஐப் போட்டாலும் 145 வருகிறது, நிற்பாட்டும் புள்ளிக்குக் கிட்ட. எந்தக் கம்பனியின் எண்ணை எடுத்தாலும் 125 என்ற எல்லைக்குள் நிற்க வழியில்லை.

இந்த 50, 65 வித்தியாசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பிழைகள் இங்கிருந்துதான் வருகின்றன. சந்தி–காற்று வெப்பத் தடை ஐசிக்கு மட்டும் உரிய குணம் இல்லை. ஐசி, அது ஒட்டியிருக்கும் போட், அதிலுள்ள செம்பு, சுற்றியுள்ள காற்று எல்லாம் சேர்ந்த ஒரு எண் அது. ஜெடெக் என்ற தர அமைப்பின் ஜெஎஸ்டி51 தொடர் அதை அளக்கும் முறையைச் சொல்கிறது: ஒரு கன அடிப் பெட்டி, அசையாத காற்று, குறிப்பிட்ட அளவுச் சோதனைப் போட். அந்தப் போட்டிலும் செம்பு குறைந்த வகை, உள்ளே முழுத் தளங்கள் உள்ள வகை என்று இரண்டு உண்டு. ஒரே ஐசிக்கு இரண்டிலும் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று பாதி அளவுக்கும் மாறலாம். மேற்பரப்பில் ஒட்டும் சின்ன ஐசிகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அவற்றின் ஹீற்சிங்க் உங்கள் போட்டின் செம்புதான். ஆகவே இந்த எண்ணை இரண்டு ஐசிகளை ஒப்பிடவும் முதல் மதிப்பீட்டுக்கும் பாவியுங்கள். கடைசி முடிவை இதில் எடுக்காதீர்கள்.

நம்பக்கூடிய எண் சந்தியிலிருந்து உடல் வரைக்குமான தடை. 7805க்கு அது ஒரு வாற்றுக்கு 5 பாகை அளவு. அது ஐசியின் உள் அமைப்பைப் பொறுத்தது, உங்கள் பெட்டி எப்படி இருந்தாலும் பெரிதாக மாறாது. ஹீற்சிங்க் பூட்டிவிட்டால் வெப்பம் ஏறக்குறைய முழுவதும் ஐசியின் பின்னால் துளையோடு நிற்கும் உலோக நாக்கு வழியாகத்தான் வெளியேறும், எனவே அந்த நாக்கின் வெப்பநிலையை அளந்து உள்ளே கணக்குப் போடலாம். நாக்கு 92 காட்டினால், 92 + 1.91 × 5 = 101 அல்லது 102. இதுதான் நான் நம்பும் முறை: மதிப்பிட்டுக் கட்டுங்கள், அளந்து திருத்துங்கள். கறுத்த பிளாஸ்ரிக் உடல் உள்ள சின்ன ஐசிகளுக்கு இந்த 5 போன்ற எண்ணைப் பாவிக்கக் கூடாது. அவற்றில் மேற்புறமாக வெளியேறுவது வெப்பத்தின் சிறு பங்குதான். அதற்கென்றே பல டேற்றாஷீற்றுகளில் சந்தி–மேற்புறம் என்று "சை" எழுத்துப் போட்ட வேறொரு எண் இருக்கும்.

அளக்கும்போது ஒரு விசயம். துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை மினுங்கும் உலோக நாக்கில் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகத்தான் சொல்லும், ஏனென்றால் மினுங்கும் உலோகம் அகச்சிவப்பை மிகக் குறைவாகவே வெளிவிடும். கறுத்த இன்சுலேசன் ரேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள். மல்ரிமீற்றரோடு வரும் கே வகை வெப்ப இணை இருந்தால் அதன் நுனியை வெப்பப் பசையோடு நாக்கில் அழுத்திப் பிடிப்பது அதைவிட நல்லது. விரலை நம்ப வேண்டாம். 60 பாகைக்குக் கிட்ட யாராலும் கையை வைத்திருக்க முடியாது, ஆனால் ஒரு பவர் ஐசிக்கு 60 என்பது சுகமான இடம். விரல் சுட்டுவிட்டது என்பதற்காக ஐசி ஆபத்தில் என்று சொல்ல முடியாது, 70க்கும் 120க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியவும் தெரியாது.

உங்கள் சேர்க்கிற்றில் மற்ற ஐசிகளையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம், பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படாமல் இருக்க. இஎஸ்பி போட்டில் இருக்கும் ஏஎம்எஸ்1117, 5இலிருந்து 3.3க்கு இறக்குகிறது. 1.7 × 0.08 = 0.14 வாற். அதன் வெப்பத் தடையை 90 என்று எடுத்தாலும் 12 பாகைதான் ஏறும். பெட்டி 50 என்றால் 62. கவலை இல்லை. றிலேயை ஓட்ட யூஎல்என்2003 போட்டிருந்தால், 71 மில்லிஅம்பியரை 5 வோல்ற்றால் பெருக்கி 0.36 வாற் என்று எழுதாதீர்கள். அந்த 5 வோல்ற்றில் பெரும்பங்கு விழுவது றிலேச் சுருளில். ஐசிக்குள் விழுவது 0.9 வோல்ற் அளவு, எரிவது 0.06 வாற். எந்த ஐசிக்கும் இதுதான் விதி: உள்ளே வந்த வலுவில் சுமைக்கு வெளியே போனதைக் கழித்து மிஞ்சுவதே அதன் சூடு.

டிஜிற்றல் ஐசிகளில் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு கோடும் மேலே கீழே மாறும்போது அதிலுள்ள கொள்ளளவு நிரம்பிக் காலியாகிறது. கொள்ளளவு × அழுத்தத்தின் வர்க்கம் × அதிர்வெண், அதுதான் வலு. 50 பிக்கோபரட் சுமையை 5 வோல்ற்றில் நொடிக்கு 10 இலட்சம் தரம் மாற்றினால் 1.25 மில்லிவாற். 3.3 வோல்ற்றில் அதே வேலைக்கு 0.54. அழுத்தம் வர்க்கமாக வருவதால்தான் புதிய சிப்புகள் எல்லாம் அழுத்தத்தைக் கீழே கீழே கொண்டுபோகின்றன. ஏற்மெகா328 போன்ற ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் முழு வேகத்தில் ஓடினாலும் 50 மில்லிவாற் அளவுதான், சூடு மூன்று நான்கு பாகை. இதற்கெல்லாம் ஹீற்சிங்க் ஒட்டுவது வீண் செலவு.

சோலாரிலேயே ஓடும் 12 வோல்ற் பம்ப் ஒன்றையும் பிறகு பூட்டும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் அதைப் போட்டு நிறுத்தும் மின்சுவிச்சான மொஸ்பெற் பற்றியும் சொல்கிறேன். ஐஆர்எப்இசெட்44என் எடுத்தால் திறந்திருக்கும்போது அதன் மின்தடை 17.5 மில்லிஓம். 5 அம்பியர் ஓடினால் 25 × 0.0175 = 0.44 வாற். இந்த 17.5 சந்தி 25 பாகையில் இருக்கும்போது அளந்தது. சூடானால் தடை கூடும், 90, 100 பாகையில் ஒன்றரை மடங்கு என்று வையுங்கள். 0.66 வாற். ஹீற்சிங்க் இல்லாமல் ஒரு வாற்றுக்கு 62 பாகை, ஆக 41 ஏற்றம், பெட்டிக் காற்று 50, மொத்தம் 91. தடையைக் கூட்டிப்போட்டது சரிதான் என்று கணக்கே சொல்கிறது. இப்படி ஒரு தரம் சுற்றிப் பார்க்காமல் மொஸ்பெற் கணக்கை விடக் கூடாது. ஆனால் அந்த 17.5, மொஸ்பெற்றைத் திறக்கும் காலான கேற்றில் 10 வோல்ற் கொடுத்தால் மட்டும்தான். இஎஸ்பியின் 3.3 வோல்ற்றை நேரே கொடுத்தால் இந்த மொஸ்பெற் அரைகுறையாகத்தான் திறக்கும், திறக்காமலும் விடலாம், அப்போது மேலே போட்ட கணக்கு ஒன்றுமே பொருந்தாது. 3.3 வோல்ற்றிலேயே முழுதாகத் திறக்கும் லொஜிக் லெவல் வகை எடுங்கள், இல்லாவிட்டால் இடையில் ஒரு டிறைவர் போடுங்கள். டேற்றாஷீற்றின் முதல் பக்கத்தில் 49 அம்பியர், 94 வாற் என்று கிடப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். உடலை எப்படியோ 25 பாகையிலேயே பிடித்து வைத்திருந்தால் என்ற நிபந்தனை பக்கத்திலேயே எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்தில் காலைக் காற்றே பல நாட்களில் அதைத் தாண்டிவிடும்.

மின்னோட்டம் ஒரே சீராக இல்லாமல் துடிப்பாக வந்தால் எதைச் சராசரி எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. ஜிஎஸ்எம் மொடெம் ஒன்று அனுப்பும்போது 4.6 மில்லிசெக்கனுக்கு ஒரு தரம் 0.58 மில்லிசெக்கன் மட்டும் 2 அம்பியர் வரை இழுக்கும், எட்டில் ஒரு பங்கு நேரம். நேரியல் றெகுலேற்றரில் அழுத்த வித்தியாசம் மாறாதது, அதனால் மின்னோட்டத்தின் சராசரி 0.25 அம்பியர் போதும். மொஸ்பெற்றிலும் தடையிலும் வர்க்கத்துக்குத்தான் சராசரி எடுக்க வேண்டும்: 4ஐ எட்டால் பிரித்தால் 0.5. சராசரி மின்னோட்டத்தை வர்க்கித்தால் 0.06 தான் வரும், எட்டு மடங்கு குறைவு. இப்படிக் குறுகிய துடிப்புகளுக்குச் சராசரி செல்லும். சில செக்கன்களுக்கு நீடிக்கும் சுமையில் செல்லாது, அதற்குள் சிலிக்கன் உச்சச் சூட்டுக்குப் போய்விடும்.

இனி உங்கள் 7805க்கு என்ன செய்யலாம். சந்தியை 110இல் நிறுத்த ஆசைப்படுவோம். 110 − 50 = 60, அதை 1.91ஆல் பிரித்தால் மொத்தத் தடை 31. உள்ளே 5, பசைக்கு 1, மிச்சம் 25. சின்னக் கிளிப் ஹீற்சிங்க் ஒன்றே இந்த அளவுக்கு வரும். ஆனால் பெட்டிக்குள் வைத்தால் சந்தி ஆறும், பெட்டி ஆறாது. அந்த 2.9 வாற் உள்ளேயேதான் சுற்றும். பெட்டியில் ஓட்டை போடலாமே என்று தோன்றும். நான் போடமாட்டேன். நம்முடைய உப்புக் காற்றும் எறும்பும் பல்லியும் ஒரு மாரிக்குள் போட்டைத் தின்றுவிடும். 7805இன் நாக்கு பூமிக் காலோடு தொடுப்பில் இருப்பதால், பெட்டிச் சுவரில் ஒரு துளை போட்டு, நாக்கை வெளியே ஓர் அலுமினியத் தகட்டில் பூட்டிவிடலாம், இடையில் மின்காப்புக்கு மைக்காத் தாள் தேவையில்லை. பற்றறியின் நேர்முனை அந்தத் தகட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தகட்டைச் சுற்றிச் சிலிக்கன் பசையால் அடையுங்கள். வெப்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு பெட்டிக்கு வெளியே போய்விடும்.

7805க்கு முன்னால் 10 ஓம், 2 வாற் தடை ஒன்று போடுவது இன்னொரு வழி. 0.2 அம்பியரில் அது 2 வோல்ற்றைத் தான் எடுத்துக்கொள்ளும், 0.4 வாற் ஐசியிலிருந்து தடைக்கு மாறும். வைஃபை அனுப்பும் நேரத்து 0.3 அம்பியரிலும், பற்றறி 11க்கு இறங்கினாலும், 7805க்கு 8 வோல்ற் மிஞ்சும், அதற்குத் தேவை 7. மலிவு, ஆனால் பெட்டியின் மொத்த வெப்பம் குறையாது.

என் தெரிவு, அழுத்தத்தை எரிக்காமல் வேகமாகப் போட்டு நிறுத்தி இறக்கும் ஸ்விச்சிங் வகைதான். எல்எம்2596 போட்ட சின்ன மொடியூல் ஒன்று 12இலிருந்து 5க்கு இறக்கும்போது 80 சதவீத அளவு திறனோடு நடக்கும். வெளியே 1 வாற் கொடுக்க உள்ளே 1.25 வாற், சுமை குறைவாக இருப்பதால் திறன் கொஞ்சம் விழுந்து 1.3 ஆனாலும் வீணாவது 0.3. 1.91க்கு எதிரே 0.3. அதுவும் ஐசி, டயோட், சுருள் மூன்றிலும் பிரிந்து போகும். பெட்டி 4 பாகைக்கு மேல் ஏறாது, பற்றறியிலிருந்து இழுப்பதும் பாதிக்குக் குறைந்துவிடும், இராத்திரியில் அது பெரிய இலாபம். கிணற்று நீர்மட்டம் போன்ற அனலொக் அளவீடு செய்வதாக இருந்தால் மட்டும் அதன் வெளியீட்டில் வரும் சின்ன அலைவு (சிற்றலை) தொந்தரவு தரும். அங்கே சுருளும் கப்பாசிற்றரும் சேர்ந்த ஒரு எல்சி வடிகட்டி போடுங்கள்.

எதைச் செய்தாலும் சோதிக்கும் நாளைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். சோளகம் அடிக்கும் ஆனி, ஆடியில் கொட்டிலுக்குள் காற்று ஓடும், எல்லாம் நன்றாகத் தெரியும். சித்திரையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், காற்றும் விழுந்திருக்கும். ஏப்ரல் நடுப்பகுதி மத்தியானம், பற்றறி ஏறிக்கொண்டிருக்க, றிலே போட்டபடி இருக்க, இரண்டு மணித்தியாலம் விட்டுப் பிறகு நாக்கை அளந்தால் அந்த எண்ணை நம்பலாம். பெட்டியைத் தகரக் கூரைக்குக் கிட்டவும் மேற்குச் சுவரிலும் பூட்டாதீர்கள், மாரி வெள்ளம் தொடாத உயரத்தில் கீழே வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்று கவனித்தேன். 7805ஐ ஒட்டியே மின்பகு கப்பாசிற்றர் ஒன்று நிற்கிறது. அதைக் குறைந்தது இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள், 105 பாகை என்று எழுதிய வகையாகவும் எடுங்கள். 10 பாகை கூடும்போது அவற்றின் ஆயுள் பாதியாகும், இந்தச் சேர்க்கிற்றில் முதலில் காய்ந்து போவது அதுதான்.